கல்லுக்குள் ஈரமில்லை

பெரம்பலூரும் அரியலூரும் இரண்டு தடவை பிரிந்தவை. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2001இல் அதிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள், அடுத்த வருடமே திரும்ப ஒட்டினார்கள், 2007 நவம்பரில் மறுபடியும் பிரித்தார்கள். அரசு அலுவலகங்களின் பெயர்ப்பலகை எழுதுகிறவருக்கு அந்த ஆறு வருடம் நல்ல காலமாக இருந்திருக்க வேண்டும்.

கற்களைப் பொறுத்தவரை இந்தப் பிரிவினை எப்போதோ முடிந்துபோன விஷயம். மேற்கே பச்சைமலையும் அதன் அடிவாரமும் இறுகிய கருங்கல். கிழக்கே அரியலூர்ப் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல், களிமண், மணற்கல், நடுநடுவே கிளிஞ்சல். ஏழு முதல் பதினோரு கோடி வருடங்களுக்கு முன்பு அங்கே கடல் ஏறி ஏறி இறங்கியிருக்கிறது. கலெக்டர் போட்ட எல்லையும் கடல் போட்ட எல்லையும் துல்லியமாகப் பொருந்தாது. கல்மரம் கிடக்கும் சாத்தனூரும், செம்மண் ஓடைகளாக அரித்துக் கிடக்கும் காரையும் பெரம்பலூர் மாவட்டத்தில்தான் இருக்கின்றன, ஆனால் அவை கடலின் பக்கம். மொத்தத்தில் மேற்கு கருங்கல், கிழக்கு சுண்ணாம்பு. கங்கைகொண்ட சோழபுரத்தில் நின்று சுற்றிப் பார்த்தால் இது உடனே புரியும். அவ்வளவு பெரிய கற்றளி, ஆனால் பக்கத்தில் எங்கேயும் கருங்கல் பாறை கிடையாது. ராஜேந்திரன் கல்லை வெளியிலிருந்துதான் இழுத்து வந்திருக்க வேண்டும்.

இந்த டைனோசர் முட்டை, அம்மோனைட், கல்மரம் பற்றியெல்லாம் நிறைய எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது இரண்டு கற்களிலும் இருக்கிற ஒரே வாயுவைப் பற்றி. கரியமில வாயு. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் அது எடையில் கிட்டத்தட்ட பாதி, வேதிப் பிணைப்பில் கட்டுண்டு கிடக்கிறது. பெரம்பலூரின் கருங்கல் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ அந்தக் குடும்பத்துக் கற்களில் அது கண்ணுக்குத் தெரியாத சிமிழ்களில், நம்மால் கற்பனை செய்ய முடியாத அழுத்தத்தில் அடைபட்ட பாய்மமாக இருக்கிறது. ஒரு வாயு எப்போது ஓடிப்போகும், எப்போது அடங்கி உட்காரும் என்பதை மனிதர்கள் கண்டுபிடித்த கதை இந்த இரண்டு கற்களையும் தொட்டுக்கொண்டு போகிறது.

கதை துப்பாக்கிக் குழலில் ஆரம்பிக்கிறது.

சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் எடை குறையும் என்பது நம்மூர்க் காளவாசல்காரர்களுக்கு எப்போதுமே தெரியும். போகிற எடை எங்கே போகிறது என்பதை 1750களில் ஸ்காட்லாந்துக்காரர் ஜோசப் பிளாக் அளந்து காட்டினார். கல்லில் ஒரு காற்று சிக்கியிருக்கிறது, சூட்டில் அது வெளியேறுகிறது என்றார். அங்கே ஒரு சிக்கல் வந்தது. பூமியின் ஆழத்துச் சூடுதான் பாறைகளை உருவாக்குகிறது என்று அதே எடின்பரோவில் ஜேம்ஸ் ஹட்டன் சொல்லிக்கொண்டிருந்தார். எதிராளிகள் கேட்டது நியாயமான கேள்வி: அவ்வளவு சூடு இருந்தால் சுண்ணாம்புக்கல் நீற்றுச் சுண்ணாம்பாகப் போயிருக்குமே, பளிங்குக்கல் எப்படி வந்தது? ஆழத்தில் இருக்கும் அழுத்தம் வாயுவை வெளியே விடாது என்பது ஹட்டனின் பதில். ஆனால் அதைச் சோதித்துப் பார்ப்பதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. பூமி செய்வதை அடுப்பில் செய்துபார்க்க முடியாது என்று நினைத்தார்.

அவருடைய நண்பர் சர் ஜேம்ஸ் ஹாலுக்கு அந்தப் பொறுமை இல்லை, ஆனால் மரியாதை இருந்தது. ஹட்டன் 1797இல் இறக்கும்வரை காத்திருந்து, மறு வருடம் வேலையை ஆரம்பித்தார். சுண்ணாம்புப் பொடியைத் துப்பாக்கிக் குழலுக்குள் வைத்து அடைத்து, உலையில் போட்டுச் சுட்டார். குழல்கள் வெடித்தன. அடைப்பு கசிந்தது. 1805 வரைக்கும் ஐநூறுக்கும் மேற்பட்ட சோதனைகள். கடைசியில் குழலுக்குள்ளிருந்து சுண்ணாம்பு வரவில்லை, இறுகிய கல் வந்தது. சில தடவை பளிங்கு மாதிரியே மினுங்கியது. வாயு எங்கேயும் போகவில்லை. 52 வளிமண்டல அழுத்தம் இருந்தால் சுண்ணாம்புக்கல், 86 இருந்தால் பளிங்கு என்று கணக்கும் கொடுத்தார். அதே சூடுதான், மேலே மூடி இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம். அரியலூர் சிமெண்ட் ஆலைகளின் கில்ன் மூடி இல்லாத பாத்திரம். ஹாலின் குழல் பிரஷர் குக்கர்.

பதினேழு வருடம் கழித்து இன்னொரு குழல். 1822இல் பாரிஸில் காக்னியார் தெ லா தூர் ஒரு துப்பாக்கிக் குழலில் கொஞ்சம் திரவமும் ஒரு உருண்டையும் போட்டு அடைத்து, சூடேற்றிக்கொண்டே அசைத்துக் காதை வைத்துக் கேட்டார். உள்ளே திரவம் இருக்கும்வரை உருண்டை உருளும்போது தளும்பல் சத்தம் வந்தது. ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு மேலே தளும்பல் நின்றுவிட்டது. உருண்டை மட்டும் குழலில் உருள்கிற சத்தம். திரவம் எங்கே போனது? குழல் கசியவில்லை. கண்ணாடிக் குழாயில் செய்து பார்த்தபோது திரவத்துக்கும் ஆவிக்கும் நடுவில் இருக்கும் கோடு மங்கி மறைவது கண்ணுக்கே தெரிந்தது. கொதிக்கவில்லை, குமிழி வரவில்லை. இரண்டாக இருந்தது ஒன்றாகிவிட்டது.

இதை எண்ணாக மாற்றியவர் பெல்ஃபாஸ்டின் தாமஸ் ஆண்ட்ரூஸ். அவர் எடுத்துக்கொண்ட பொருள் கரியமில வாயு. பிளஸ் ஒன் வேதியியல் படித்தவர்களுக்கு அந்த வரைபடம் நினைவிருக்கலாம், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கோடுகள், நடுவில் ஒரு மலை மாதிரி வளைவு. பரீட்சைக்கு வரைந்தபோது அது எதைச் சொல்கிறது என்று நான் யோசித்ததே கிடையாது. 1869இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அவர் ஆற்றிய உரை சொன்னது இதுதான்: 30.92 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கரியமில வாயுவை அழுத்தினால் திரவமாகும். அதற்கு மேலே எவ்வளவு அழுத்தினாலும் திரவம் தனியாகப் பிரியாது. நெருங்கும், அடரும், திரவத்தின் எடை வரும், ஆனால் 'இதுவரை வாயு, இனி திரவம்' என்று கோடு போட இடமே இருக்காது. அந்த முனைக்கு நிலைமாறு புள்ளி என்று பெயர். இன்றைய அளவில் 31 டிகிரி, 74 வளிமண்டலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆண்ட்ரூஸின் அளவு கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. நான்கு வருடம் கழித்து வான் டெர் வால்ஸ் இதற்குச் சமன்பாடு எழுதினார். அது வேறு பெரிய கதை.

31 டிகிரி என்பது எவ்வளவு சாதாரணமான எண் பாருங்க. பெல்ஃபாஸ்டில் அதற்கு ஆய்வகத்தைச் சூடேற்ற வேண்டியிருந்தது. பெரம்பலூரில் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை மதியம் வெளியே வந்தாலே போதும். அலுவலகச் சுவரில் தொங்கும் கரியமில வாயு தீயணைப்பு சிலிண்டரைக் குளிர்ந்த காலையில் தூக்கி ஆட்டினால் உள்ளே திரவம் தளும்பும். மே மாத மதியம் வெயிலில் கிடந்த சிலிண்டருக்குள் திரவ மட்டம் என்று ஒன்று இருக்காது. அது திரவமும் இல்லை, நாம் நினைக்கிற வாயுவும் இல்லை. இதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் சூப்பர்கிரிட்டிகல் என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம். வாயு மாதிரி சந்துபொந்தெல்லாம் புகும், திரவம் மாதிரி பொருள்களைக் கரைக்கும்.

இனி கருங்கல்லுக்கு வரலாம்.

ஆண்ட்ரூஸுக்கு ஐம்பது வருடத்துக்கு முன்பே ஒருத்தர் இந்த மறைதலைக் கல்லுக்குள் பார்த்துவிட்டார், என்ன பார்க்கிறோம் என்று தெரியாமல். டேவிட் புரூஸ்டர் 1820களில் புஷ்பராகம், படிகக்கல் இவற்றை நுண்ணோக்கியில் வைத்தபோது மிகச்சிறிய குழிகளில் திரவமும் குமிழியும் இருப்பதைக் கண்டார். கல் லேசாகச் சூடானதும், கிட்டத்தட்ட 27 டிகிரியிலேயே, குமிழி காணாமல் போனது. ஆறினால் திரும்ப வந்தது. தண்ணீர் இப்படி நடந்துகொள்ளாது. அது கரியமில வாயு என்பதை ஃபோகல்சாங், கைஸ்லர் என்ற இருவர் நிறமாலை பார்த்து உறுதிசெய்தது 1869இல். ஆண்ட்ரூஸ் உரையாற்றிய அதே வருடம். நடுவில் 1858இல் ஹென்றி சார்பி இந்தக் குழிகளை வெப்பமானியாகப் பயன்படுத்தலாம் என்று சொல்லியிருந்தார்.

நிலவியல் தமிழில் இதைப் பாய்ம உள்ளடக்கம் என்கிறார்கள். நான் சிமிழ் என்றே சொல்லிக்கொள்கிறேன். கல் படிகமாகும்போது, அல்லது விரிசல் விட்டுத் திரும்ப மூடிக்கொள்ளும்போது, அங்கே இருந்த பாய்மம் ஒரு துளி சிக்கிக்கொள்கிறது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு. படிகக்கல் சுவர் கெட்டியாக இருந்தால் அந்தச் சிமிழின் கொள்ளளவு மாறாது. உள்ளே போன பொருளின் அளவும் மாறாது. அப்படியானால் அடர்த்தியும் மாறாது. எஞ்சினியரிங்கில் ஸ்டீம் டேபிள் பார்த்தவர்களுக்கு மீதி தெரியும். அடர்த்தி தெரிந்து, வெப்பநிலையும் தெரிந்தால் அழுத்தம் தானாக வரும். அடர்த்தியைக் கண்டுபிடிக்க, கல்லின் மெல்லிய சீவலைத் திரவ நைட்ரஜனால் குளிரூட்டும் சிறு மேடையில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். முதலில் உறைய வைத்து மெல்ல சூடேற்றுவார்கள். மைனஸ் 56.6 டிகிரியில் உருகினால் சுத்தமான கரியமில வாயு. இன்னும் சூடேறும்போது குமிழி எந்த டிகிரியில் மறைகிறது என்பது அடர்த்தியைச் சொல்லும். பூஜ்யத்துக்குக் கீழே பத்து, பதினைந்து டிகிரியிலேயே மறைந்தால் உள்ளே இருப்பது தண்ணீருக்கு இணையான எடையுள்ள கரியமில வாயு. அதாவது அறைச் சூட்டில்கூட அந்தச் சிமிழுக்குள் சில நூறு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது, சுவரில் தொங்கும் சிலிண்டரைப்போல ஐந்தாறு மடங்கு.

இப்படிப்பட்ட சிமிழ்களைத் தாங்கும் கல்லுக்கு சார்னோகைட் என்று பெயர். பெயர் வந்த கதை கொஞ்சம் வேடிக்கையானது. 1690களில் கல்கத்தாவில் இறந்த ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் ஒரு கருங்கல் பலகை இருக்கிறது. இருநூறு வருடம் கழித்து, 1893இல், இந்திய நிலவியல் ஆய்வகத்தின் தாமஸ் ஹாலந்து அந்தக் கல்லை ஆராய்ந்து, அது சென்னை பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல் என்று சொல்லி, செத்தவரின் பெயரையே கல்லுக்கு வைத்தார். சார்னாக் கல்கத்தாவை நிறுவியவர் என்பதால் மரியாதை. கல்கத்தாவுக்கு நிறுவனர் என்று யாரும் இல்லை என்று 2003இல் அந்த ஊர் உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. பல்லாவரம் கல்லில் மட்டும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பல்லாவரைட் என்று வைத்திருக்கலாம்.

பச்சைமலை, சேர்வராயன், நீலகிரி, பல்லாவரம் எல்லாம் இந்தக் குடும்பம். பெரம்பலூர் மாவட்டத்துக் குவாரிகளில் வெடி வைத்து எடுத்து, கிரஷரில் உடைத்து, முக்கால் ஜல்லி, அரை ஜல்லி, எம்-சாண்ட் என்று லாரியில் போகும் 'புளூ மெட்டல்' நிறையவும் இதுதான். புதிதாக உடைத்த கல் கரும்பச்சை கலந்த எண்ணெய் மினுமினுப்போடு இருக்கும். வட தமிழ்நாட்டுச் சார்னோகைட்டுக்கு ஏறக்குறைய 250 கோடி வயது. அது உருவான இடம் இருபது கிலோமீட்டருக்கும் ஆழத்தில், 700, 800 டிகிரி சூட்டில், ஐயாயிரம் ஆறாயிரம் வளிமண்டல அழுத்தத்தில். கார் டயரில் நாம் ஏற்றுவது இரண்டு சொச்சம். கடலின் மிக ஆழமான பள்ளத்தின் அடியில் ஆயிரத்து நூறு.

சார்னோகைட்டின் விசேஷம் அதன் வறட்சி. சாதாரண நைஸ் பாறையில் பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட் என்ற கனிமங்கள் இருக்கும். அவற்றின் கட்டமைப்பிலேயே கொஞ்சம் தண்ணீர் உண்டு. சார்னோகைட்டில் அவை ஏறக்குறைய இல்லாமல், ஹைப்பர்ஸ்தீன் என்ற தண்ணீரில்லாத கனிமம் இருக்கும். கல்லுக்குள் ஈரம் என்று நாம் சினிமாப் பெயரும் வைத்துவிட்டோம், ஆனால் இந்தக் கல்லுக்குள் அது கிடையாது. அதை யார் எடுத்தார்கள் என்பதுதான் நூறு வருடச் சண்டை.

ஹாலந்து இது உருகிய குழம்பிலிருந்து அப்படியே உறைந்த கல் என்று நினைத்தார். 1900இல் பெரிய அறிக்கையாகவே எழுதினார். அதைக் கலைத்துப்போட்ட இடம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, கர்நாடகத்தில் கனகபுரா பக்கம் கப்பல்துர்கா. அங்கே ஒரு குவாரியில் சாம்பல் நிற நைஸ் பாறைக்குள் கரும்பச்சைத் திட்டுகள், எண்ணெய் சிந்திய காகிதம் மாதிரி. நைஸின் வரிகள் திட்டுக்குள்ளும் மங்கலாகத் தொடர்கின்றன. மைசூரின் சி.எஸ். பிச்சமுத்து 1960இல் 'நேச்சர்' இதழில் இரண்டு பக்கக் குறிப்பாக இதை எழுதினார். உருவாகிக்கொண்டிருக்கும் சார்னோகைட் என்பது தலைப்பின் பொருள். உருகி உறைந்ததில்லை, இருந்த கல்லே இருந்த இடத்தில் மாறியிருக்கிறது, மாற்றம் பாதியில் நின்றுபோயிருக்கிறது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த ஆவணம் அந்த இரண்டு பக்கம்தான். சாதனம் எதுவும் வேண்டாம், கண் போதும்.

ஆனால் மாற்றியது எது? 1971இல் ஜாக் தூரே என்ற ஆய்வாளர் தெற்கு நார்வேயின் இதே வகைப் பாறைகளில் சிமிழ்களைப் பார்த்தார். சாதாரண நைஸ் பகுதியில் சிமிழ்களில் தண்ணீர். வறண்ட பகுதிக்குள் நுழைந்ததும் கரியமில வாயு. தென்னிந்தியப் பாறைகளிலும் அப்படியே இருந்தது. சிகாகோவின் ராபர்ட் நியூட்டன், மைசூரின் ஏ.எஸ். ஜனார்த்தன், எட்வர்ட் ஹேன்சன் ஆகியோர் தெற்குக் கர்நாடகத்திலிருந்து வட தமிழ்நாடு வரை இந்த மாற்றத்தைப் படிப்படியாகத் தொடர்ந்து அளந்தார்கள். 1980இல் நியூட்டனும் இரண்டு சகாக்களும் 'நேச்சர்' இதழில் ஒரு பெரிய சித்திரத்தை முன்வைத்தார்கள். பூமியின் அடியிலிருந்து கரியமில வாயு வெள்ளமாக எழுந்து வந்து பாறையை ஊடுருவி அதன் ஈரத்தை அடித்துக்கொண்டு போயிருக்கிறது என்று.

துணி காய்வதை நினைத்துக்கொள்ளலாம். சென்னையில் நவம்பரில் எவ்வளவு நேரம் போட்டாலும் துணி காயாது, காற்றிலேயே ஈரம் இருக்கிறது. பெரம்பலூர் ஏப்ரல் காற்றில் அரை மணி நேரம் போதும். பாறையைச் சுற்றியிருக்கும் பாய்மத்தில் தண்ணீரின் பங்கு குறைந்தால், கனிமத்துக்குள் இருக்கும் தண்ணீர் வெளியேற வழி கிடைக்கும். கரியமில வாயுதான் அந்த வறண்ட காற்று. சாட்சியும் கையில் இருக்கிறது, சிமிழ் சிமிழாக.

இங்கேதான் எனக்கு இந்தக் கதை சுவாரஸ்யமாகிறது. சம்பவ இடத்தில் பிடிபட்டவன்தான் செய்தவன் என்று எப்படிச் சொல்வது? என் தொழிலில் சர்வர் விழுந்தால் லாகில் கடைசியாக எவன் பெயர் இருக்கிறதோ அவன்தான் முதலில் மாட்டுவான். பெரும்பாலும் அவன் விழுந்த பிறகு வந்து எட்டிப் பார்த்தவனாக இருப்பான்.

1984இல் வில்லியம் லாம்ப், ஜான் வேலி இருவரும் அதே 'நேச்சர்' இதழில் மறுத்தார்கள். அவர்கள் வாதம் சுத்தமான வேதியியல். இப்படிப்பட்ட வறண்ட பாறைகள் சிலவற்றின் கனிமங்கள், உருவான சூழலில் ஆக்சிஜன் மிகக் குறைவு என்று காட்டுகின்றன. அவ்வளவு குறைவான ஆக்சிஜனில், அவ்வளவு அழுத்தத்தில் கரியமில வாயு வெள்ளமாக இருந்திருந்தால் அதன் கரி பிரிந்து கிராஃபைட்டாகப் படிந்திருக்க வேண்டும். அந்தப் பாறைகளில் கிராஃபைட் இல்லை. எனவே அங்கே வெள்ளம் இல்லை. 1987இல் இன்னொரு அடி. அமெரிக்காவின் அடிராண்டாக் மலைப் பாறைகளில் இருக்கும் கரியமில வாயுச் சிமிழ்கள் பல, பாறை உருவாகி முடிந்த பிறகு விரிசல் வழியாக வந்து அடைபட்டவை என்று காட்டினார்கள். எட்டிப் பார்த்தவன்.

அப்படியென்றால் ஈரம் எங்கே போனது? துணியைக் காற்றில்தான் காயவைக்க வேண்டும் என்பதில்லை, பிழிந்தும் எடுக்கலாம். பாறையில் ஒரு பகுதி உருகினால், உருகிய குழம்பு தண்ணீரையெல்லாம் தனக்குள் கரைத்துக்கொள்ளும். குழம்பு மேலே ஏறிப்போய்விடும். பின்னால் நிற்பது பிழிந்த கல். காற்றே தேவையில்லை. உருகி மேலே போன குழம்பு கிரானைட்டாக உறையும், அதுவும் இருக்கிறது. உலகம் முழுக்க இதுதான் இன்றைக்குப் பலர் சாய்கிற விளக்கம்.

ஆனால் கப்பல்துர்கா திட்டுகள் பிழிந்த மாதிரி இல்லை. ஏதோ ஒன்று விரிசல் வழியாக உள்ளே வந்திருக்கிறது என்பதை அங்கே நின்று மறுக்க முடியாது. இந்த இடத்தில் நியூட்டனே ஒரு நல்ல காரியம் செய்தார். 1998இல் அவரும் லியோனிட் அரனோவிச், ஹேன்சன் முதலானவர்களும் மூன்றாவதாக ஒருவனைக் கூட்டி வந்தார்கள். உப்பு. மிகச் செறிவான உப்புக்கரைசல், ஆழத்து அழுத்தத்தில், கரியமில வாயுவோடு கலக்காமல் தனியாக ஓடக்கூடியது. உப்பு தண்ணீரை எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்பதைக் கருவாடு போடுகிற எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. மீனில் ஈரம் போவது வெயிலால் மட்டுமா? உப்புக்கரைசல் திரவமாக இருந்துகொண்டே வறட்சியை உண்டாக்கும். கரியமில வாயுவால் முடியாத ஒன்றையும் அது செய்யும், பாறையிலிருந்து சில தனிமங்களைக் கரைத்து எடுத்துக்கொண்டு போகும். தன் பெயரோடு ஒட்டிய கொள்கையை வைத்திருந்தவர், இருபது வருடம் கழித்து அதற்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு இடம் கொடுத்தார். நான் படித்தவரையில் இந்தச் சண்டையில் யாரும் முழுக்க ஜெயிக்கவில்லை. ஓர் இடத்தில் காற்று, ஓர் இடத்தில் பிழிதல், ஓர் இடத்தில் உப்பு. என் சாய்வு, பெரும்பரப்புக்குப் பிழிதல், கப்பல்துர்கா மாதிரி திட்டுகளுக்குக் காற்றும் உப்பும். பாறை எனக்குத் தொழில் இல்லை என்பதால் இந்தச் சாய்வுக்கு அவ்வளவு மதிப்புத் தர வேண்டாம்.

செய்தவனோ எட்டிப் பார்த்தவனோ, சிமிழுக்குள் போன கரியமில வாயு அங்கேயே இருக்கிறது என்பதில் மட்டும் இரண்டு தரப்புக்கும் சந்தேகமில்லை. கிழக்கே அரியலூருக்குப் போனால் அதே வாயுவின் நிலைமை நேரெதிர்.

அரசு சிமெண்ட் ஆலை 1979இல் அரியலூரில் வந்தது. இன்று மாவட்டத்தில் எங்கே திரும்பினாலும் ஏதோ ஒரு கம்பெனியின் சுரங்கமோ புகைபோக்கியோ கண்ணில் படும். சுண்ணாம்புக்கல் 900 டிகிரியை நெருங்கும்போது கரியமில வாயுவை விட்டுவிடும். நூறு கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லில் 44 கிலோ அப்படியே போய்விடும். மிச்சத்தைக் களிமண்ணோடு சேர்த்து 1,450 டிகிரி வரை சுட்டால் கிளிங்கர். ஒரு டன் கிளிங்கருக்குக் கல்லிலிருந்து மட்டுமே அரை டன்னுக்குக் கொஞ்சம் மேல் கரியமில வாயு, நிலக்கரிக் கணக்கு தனி. சோலார் போட்டாலும் காற்றாலை போட்டாலும் இந்த அரை டன் குறையாது. இது எரிபொருளின் புகை இல்லை, கல்லின் புகை. ஹால் தன் குழலை ஏன் அடைத்தார் என்பதை நினைத்தால், அடைத்துச் சுட்டால் என்ன என்று தோன்றலாம். அடைத்துச் சுட்டால் பளிங்குதான் வரும், சிமெண்ட் வராது. வாயு போனால்தான் சிமெண்ட்.

எனவே போகிற வாயுவைப் பிடிக்க வேண்டும். 2019 செப்டம்பரில் டால்மியா சிமெண்ட் நிறுவனம், பிரிட்டனின் கார்பன் கிளீன் சொல்யூஷன்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, அரியலூரில் வருடத்துக்கு ஐந்து லட்சம் டன் கரியமில வாயுவைப் பிடிக்கும் ஆலை கட்டப்போவதாக அறிவித்தது. ஒரு சிமெண்ட் ஆலைக்கு அது உலக அளவிலேயே பெரிய எண். எண்ணை மறந்துவிடலாம், அந்த அறிவிப்புக்குள் இருக்கும் இயற்பியல் ஆண்ட்ரூஸுடையது. பிடித்த வாயுவை என்ன செய்தாலும், குழாயில் அனுப்பினாலும், நிலத்தடியில் செலுத்தினாலும், முதல் வேலை அதை 74 வளிமண்டலத்துக்கு மேல் அழுத்துவது. அப்போதுதான் அது இடத்தை அடைக்காமல் திரவத்தின் அடர்த்திக்கு வரும். நிலத்தடியில் புதைப்பதாக இருந்தால் குறைந்தது 800 மீட்டர் ஆழம் வேண்டும் என்பது இத்துறையின் பொது விதி. ஏன் 800? அந்த ஆழத்தில் நிலத்தடி நீரின் அழுத்தம் 80 வளிமண்டலம், சூடு 31க்கு மேல். நிலைமாறு புள்ளியைத் தாண்டிய இடம். அதற்கு மேலே புதைத்தால் அது வாயுவாக விரியும், மேலே வரப் பார்க்கும். அதற்குக் கீழே அடர்ந்து கிடக்கும். கிடக்கும் என்றால் மூடி கெட்டியாக இருக்க வேண்டும், மேலே ஒரு களிமண் படுகையாவது, கசியாத பாறையாவது. இந்தியாவில் எந்தப் படுகை எத்தனை டன் தாங்கும் என்பது ஆய்வாளர்களுக்கான கேள்வி. படிகக்கல் சிமிழ் தாங்கியது மாதிரி எந்தப் படுகையும் தாங்காது என்பது மட்டும் உறுதி. யாரும் 250 கோடி வருடம் கேட்கவுமில்லை, ஆயிரம் வருடம் போதும் என்கிறார்கள்.

பச்சைமலை அடிவாரத்துக் கிரஷரில் கல் உடையும்போது சிமிழ்களும் உடைகின்றன. ஆழத்தில் அடைபட்ட வாயு, பல நூறு வளிமண்டலத்திலிருந்து ஒரே நொடியில் ஒன்றுக்கு இறங்கி, தூசியோடு வெளியே வருகிறது. அளவு கணக்கில் சேராது. கிரஷருக்கு லோடு எடுக்க வரும் டிப்பர் லாரி விடும் புகை அதைவிடப் பல மடங்கு. உடைந்த ஜல்லியும் அரியலூர் சிமெண்டும் கடைசியில் ஒரே கலவை இயந்திரத்தில் சேர்கின்றன. சென்னையிலும் திருச்சியிலும் எழும்பும் அடுக்குமாடிகளில் இரண்டு மாவட்டமும் திரும்ப ஒட்டியிருக்கின்றன.

கான்கிரீட் இறுகிய பிறகும் வாயுவின் வேலை முடிவதில்லை. சிமெண்ட் இறுகும்போது உண்டாகும் சுண்ணாம்பு, காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு திரும்ப சுண்ணாம்புக்கல்லாகப் பார்க்கிறது. மேற்பரப்பிலிருந்து உள்ளே மில்லிமீட்டர் கணக்கில், பல வருடங்களில். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அது கம்பி வரைக்கும் போய்விட்டால், கம்பியைத் துருவிலிருந்து காத்துக்கொண்டிருந்த காரத்தன்மை போய்விடும். பழைய கட்டடங்களைச் சோதிக்கிற எஞ்சினியர்கள் கான்கிரீட்டில் ஒரு துண்டை உடைத்து, புதிதாக உடைந்த முகத்தில் பினாஃப்தலீன் தெளிப்பார்கள், பள்ளி ஆய்வகத்தில் நாம் பியூரெட்டுக்குக் கீழே பார்த்த அதே திரவம். உள்பக்கம் ரோஜா நிறமாகும். வெளி ஓரத்தில் ஒரு பட்டை மட்டும் நிறம் மாறாமல் வெளிறி நிற்கும். ஸ்கேலை வைத்து அந்தப் பட்டையின் அகலத்தை அளந்து, கம்பி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வார்கள்.